'போர்டு போச்சு' என்றால் எது போச்சு?

போன மாதம் அக்கா மகள் ஒரு லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். "மாமா, ஆனே ஆகமாட்டேங்குது. சர்வீஸ்ல குடுத்துப் பார்த்தேன். போர்டு போச்சு, புது போர்டு போட்டா 22,000 ஆகும்னு சொல்றாங்க" என்றாள். அவளுக்குப் பணம்கூட இரண்டாவது கவலைதான். மூன்று வருட ஆய்வுக் குறிப்புகள், கிராமம் கிராமமாகப் போய் எடுத்த நேர்காணல் ஒலிப்பதிவுகள், எழுதி முடித்த நான்கு இயல்கள் எல்லாம் அதற்குள் இருந்தன. பேக்கப் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, ஏழு மாதப் பழசு.

"இதுக்கு ஏன் பயப்படுற? எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி என் மெஷின்ல மாட்டினா முடிஞ்சுது" என்று தைரியமாகச் சொல்லிவிட்டு, கழற்றி மாட்டினேன். 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது பிட்லாக்கர்.

இங்கேதான் விஷயம் சிக்கலானது. இப்போது வரும் பல விண்டோஸ் லேப்டாப்களில், மைக்ரோசாஃப்ட் கணக்கு கொடுத்து உள்ளே நுழைந்ததுமே டிஸ்க் தானாகக் குறியாக்கம் ஆகிவிடும். யாரும் பெரிதாகச் சொல்வதில்லை, நாமும் கவனிப்பதில்லை. மீட்புச் சாவி அந்தக் கணக்கில் போய்ச் சேமிக்கப்படும். இவள் முதலில் சேர்ந்த கல்லூரியின் மின்னஞ்சலைக் கொடுத்து நுழைந்திருக்கிறாள். போன வருடம் நெறியாளரோடு வேறு கல்லூரிக்கு மாறியதும் அந்த மின்னஞ்சலை மூடிவிட்டார்கள். சாவி அதோடு போய்விட்டது.

அப்படியானால் தினமும் சாவி கேட்காமல் எப்படித் திறந்தது? டிஸ்க்கைத் திறக்கும் இன்னொரு வழி போர்டிலேயே இருக்கிறது. டி.பி.எம். என்கிற பாதுகாப்புப் பகுதிதான் அதை வைத்திருக்கிறது. இந்த லேப்டாப்பில் அது தனி சிப் இல்லை, இன்டெல் சிப்செட்டுக்குள் இருக்கும் ஒரு மென்பொருள் டி.பி.எம். அதன் ரகசியங்கள் பயாஸ் இருக்கும் அதே எட்டுக்கால் ஃபிளாஷ் சிப்பில், அந்த ஒரு சிப்செட்டால் மட்டுமே படிக்க முடிகிற மாதிரி பூட்டி எழுதப்பட்டிருக்கும். அதாவது 22,000 கொடுத்துப் புது போர்டு போட்டால் லேப்டாப் ஜோராக ஆன் ஆகும். எஸ்.எஸ்.டி.யில் இருப்பது மட்டும் யாருக்கும் புரியாத வெறும் இரைச்சலாகிவிடும். சர்வீஸில் இதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. வேண்டுமென்றே மறைத்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் பார்ப்பது லேப்டாப்பை. இவள் தேடுவது உள்ளே இருப்பதை.

ஆக, இந்த போர்டு, இதே போர்டு, ஒரே ஒரு தடவையாவது எழுந்திருக்க வேண்டும்.

'போர்டு போச்சு' என்பது காய்ச்சலோடு வந்தவனிடம் 'உடம்பு சரியில்லை' என்று சொல்வது மாதிரி. தப்பில்லை, ஆனால் ஒன்றும் சொல்லவும் இல்லை. எங்கே நின்றது என்று கேட்க வேண்டும். ஒரு லேப்டாப் ஆன் ஆவது ஸ்விட்ச் போட்டால் பல்பு எரிவது போல ஒரே காரியம் கிடையாது. வரிசையாக ஒருவர் சொல்லி அடுத்தவர் எழுந்திருக்கிற ஏற்பாடு. அந்த வரிசை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் சார்ஜரிலிருந்து 19 வோல்ட் உள்ளே வருகிறது. வந்தவுடன் நேராக எல்லா இடத்துக்கும் போய்விடாது. வாசலில் இரண்டு மாஸ்ஃபெட் காவல் நிற்கும். சார்ஜிங் ஐ.சி. வந்திருக்கும் வோல்டேஜ் சரிதானா என்று பார்த்து அவற்றைத் திறந்துவிட்டால்தான் மெயின் லைனுக்கு வரும். அங்கிருந்து இன்னொரு ஐ.சி., 3.3 வோல்ட், 5 வோல்ட் என்று இரண்டு லைன்களை உருவாக்கும். அந்த 3.3 வோல்ட்டில்தான் ஈ.சி. என்கிற சின்னக் கண்ட்ரோலர் விழிக்கிறது. கீபோர்டு, ஃபேன், பேட்டரி, பவர் பொத்தான் இதையெல்லாம் கவனிக்கிற வாட்ச்மேன் இவர். லேப்டாப் 'ஆஃப்' ஆக இருக்கும்போதுகூட, சார்ஜர் செருகியிருந்தால் இவ்வளவும் நடந்து முடிந்து, ஈ.சி. சும்மா காத்துக்கொண்டிருக்கும். இந்த நிலைக்கு எஸ்5 என்று பெயர்.

நாம் பொத்தானை அழுத்துகிறோம். ஈ.சி. பார்க்கிறது, சிப்செட்டுக்குச் சொல்கிறது. சிப்செட் 'எஸ்4 விட்டு வா', 'எஸ்3 விட்டு வா' என்று அடுத்தடுத்து சிக்னல்களை உயர்த்துகிறது. அதற்கேற்ப முதலில் ராமுக்கான வோல்டேஜ், பிறகு மற்ற லைன்கள், கடைசியில் சி.பி.யு.வின் கோர் வோல்டேஜ். ஒவ்வொரு லைனும் 'நான் நலம்' என்று ஒரு சிக்னல் தரும். எல்லாரும் தந்தபின்தான் ரீசெட் விலகும். அப்போதுதான் சி.பி.யு. முதல் கட்டளையைப் படிக்கப் போகும். இன்டெல் சி.பி.யு.வில் அந்த முகவரி 4 ஜி.பி. எல்லைக்கு 16 பைட் கீழே. பயாஸ் சிப் அங்கே தெரியும்படி அமைத்திருப்பார்கள். அதற்கப்புறம் ராமைப் பழக்கி, திரைக்கு உயிர் கொடுத்து, லோகோ வருகிறது. பொத்தானிலிருந்து முதல் கட்டளை வரைக்கும் பெரும்பாலும் ஒரு விநாடிக்குள். நம் கண்ணுக்கு அது கறுப்புத் திரைதான்.

இந்த வரிசையில் எங்கே நின்றது என்று போர்டைத் தொடாமலே ஓரளவு சொல்லும் கருவி ஒன்று உண்டு. ஆஸிலோஸ்கோப் எல்லாம் வேண்டாம். வோல்டேஜும் கரண்டும் டிஸ்பிளேயில் காட்டும் பெஞ்ச் பவர் சப்ளை போதும். சார்ஜருக்குப் பதில் அதை 19 வோல்ட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு ஆம்பியரை மட்டும் பார்க்க வேண்டும். பேட்டரியை முதலிலேயே கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் இரண்டு பக்கமிருந்தும் கரண்ட் வந்து நம்மைக் குழப்பும், ஆபத்தும்கூட.

செருகியதும் கரண்ட் சுத்தமாக 0.00 என்றால் 19 வோல்ட் வாசலைத் தாண்டவில்லை. செருகியதுமே லிமிட்டை முட்டினால் மெயின் லைனிலேயே ஷார்ட். 0.01, 0.02 என்று ஒரு சின்ன எண் நின்றால் நல்ல செய்தி, ஈ.சி. உயிரோடு காத்திருக்கிறது என்று பெரும்பாலும் அர்த்தம். பொத்தானை அழுத்தியபின் எண் ஏறி, ஏறிய இடத்திலேயே அசையாமல் நின்று, திரை மட்டும் வராவிட்டால் பவர் எல்லாம் வந்துவிட்டது, தகராறு பயாஸிலோ ராமிலோ சி.பி.யு.விலோ என்று யோசிக்கலாம். ஏறி உடனே விழுந்தால் நடுவில் ஏதோ ஒரு லைன் 'நான் நலம்' சொல்லவில்லை, எல்லாரும் திரும்பிப் படுத்துவிட்டார்கள்.

நம் லேப்டாப்பில் செருகியதும் 0.02. பொத்தானை அழுத்தினேன். ஒரு துள்ளல், உடனே கிட்டத்தட்ட பூஜ்யம். மறுபடி அழுத்தினேன், ஒன்றுமே இல்லை. சப்ளையை எடுத்துவிட்டுத் திரும்பச் செருகினால் மறுபடி 0.02, மறுபடி ஒரே ஒரு துள்ளல். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

இதற்குள் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். யோசிக்காமல் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு காயிலாக கிரவுண்டுக்கு எத்தனை ஓம் என்று அளக்கத் தொடங்கினேன். சி.பி.யு. பக்கத்துக் காயில்களில் 1.8 ஓம் காட்டியது. "ஐயோ, சி.பி.யு. ஷார்ட், போச்சு" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். முகம் செத்துவிட்டது. பத்து நிமிடம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது: சி.பி.யு. கோர் லைனில் அவ்வளவு குறைந்த ஓம்தான் இயல்பு. ஒரு வோல்ட் சொச்சத்தில் பல பத்து ஆம்பியர் இழுக்கும் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் அந்தப் பக்கம் இருக்கின்றன, மீட்டருக்கு அது ஷார்ட் மாதிரிதான் தெரியும். புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் நல்ல போர்டுகளைக் குப்பையில் போடுவது இந்த இடத்தில்தான். ஒவ்வொரு லைனுக்கும் அதற்கேற்ற எதிர்பார்ப்பு வேண்டும். எப்போதும் உயிரோடு இருக்கும் 3.3, 5 வோல்ட் லைன்களில் ஆயிரக்கணக்கில் ஓம் வர வேண்டும், ராம் லைனில் அதைவிட ரொம்பக் குறையும், சி.பி.யு.வில் ஒற்றை இலக்கம் வந்தாலும் பதறக்கூடாது.

சரி, யோசிக்கத் தொடங்கினோம். செருகியதும் 3.3 வோல்ட் காயிலில் 3.36, 5 வோல்ட் காயிலில் 5.1. இரண்டும் அருமை. பொத்தானை அழுத்தியதும் இரண்டுமே பூஜ்யம். இது முக்கியம். இரண்டையும் தயாரிப்பது ஒரே ஐ.சி. ஏதாவது ஒரு லைன் தாங்க முடியாத அளவுக்கு இழுக்கப்பட்டால், அது இரண்டையும் சேர்த்து அணைத்துத் தன்னைப் பூட்டிக்கொள்ளும். கரண்டை எடுத்துத் திரும்பக் கொடுக்கும்வரை திறக்காது. அந்த ஒரே ஒரு துள்ளலுக்கு விளக்கம் கிடைத்துவிட்டது.

ஆனால் பொத்தானை அழுத்தும் வரைக்கும் இரண்டும் நன்றாகத்தானே இருந்தன? அப்படியானால் கோளாறு அந்த லைன்களில் நேராக இல்லை. அழுத்தியபின் திறக்கும் ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. 3.3க்கும் 5க்கும் அப்படி ஒரு கதவு, அதாவது ஸ்விட்ச்சாக வேலை செய்யும் மாஸ்ஃபெட், உண்டு. மெஷின் ஓடும்போது மட்டும் வேண்டிய சாமான்களுக்கு அது வழியாகத்தான் பவர் போகும்: எஸ்.எஸ்.டி., வைஃபை, ஆடியோ, திரை, இன்னும் சில சிப்கள்.

அந்த மாஸ்ஃபெட் எங்கே என்று தெரிய ஸ்கீமேட்டிக் வேண்டும். தேடும்போது லேப்டாப்பின் மாடல் பெயரை வைத்துத் தேடாதீர்கள். ஒரே மாடல் பெயரில் இரண்டு மூன்று போர்டுகள் வரும். போர்டின் மேலேயே அச்சிட்டிருக்கும் எண்ணைத்தான் தேட வேண்டும்.

5 வோல்ட் கதவுக்கு அந்தப் பக்கம் சில நூறு ஓம். சரி. 3.3 வோல்ட் கதவுக்கு அந்தப் பக்கம் 0.4 ஓம். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால் அதுவே 0.2 காட்டும், ஆக உண்மையில் 0.2. கணக்குப் போட்டால் 3.3 வோல்ட்டுக்கு 16 ஆம்பியருக்கு மேல். எந்த ஐ.சி.யும் பூட்டிக்கொள்ளும்.

லைன் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த லைனில் ஐம்பது அறுபது பொருள் தொங்குகிறது. முதலில் கையால் கழற்றக்கூடியதைக் கழற்றினேன். வைஃபை கார்டு, திரை கேபிள், எஸ்.எஸ்.டி. (அது முதலிலிருந்தே வெளியில்தான்). 0.4 அசையவில்லை. இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேராகச் சூட்டுத் துப்பாக்கியை எடுப்பவர்கள் உண்டு. கெட்டுப்போன வைஃபை கார்டைக் கழற்றியதுமே உயிர் வந்த மெஷின்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, ஷார்ட்டையே தன்னைக் காட்டிக்கொடுக்க வைப்பது. சார்ஜர், பேட்டரி எதுவும் இல்லாத நிலையில், அந்த 3.3 வோல்ட் லைனில் வெளியிலிருந்து கொஞ்சம் வோல்டேஜ் கொடுக்க வேண்டும். கரண்ட் எல்லாம் ஷார்ட்டின் வழியாகவே ஓடும், ஓடும் இடம் சூடாகும். இதில் கடுமையான ஒரு விதி: அந்த லைனுக்கு உரிய வோல்டேஜுக்கு மேல் ஒருபோதும் போகக்கூடாது. ஷார்ட் திடீரென்று எரிந்து விலகினால், நாம் வைத்திருக்கும் வோல்டேஜ் முழுக்க நல்ல சிப்களின் மேல் விழும். நான் 1 வோல்ட், 3 ஆம்பியர் லிமிட் வைத்தேன். டிஸ்பிளே 0.7 வோல்ட்டில் 3 ஆம்பியர் என்று நின்றது. ஷார்ட்டில் இரண்டு வாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. பெரிய அடுப்பில்லைதான். ஆனால் அரிசிக் குருணை அளவு பொருளுக்கு அது தாராளம்.

தெர்மல் கேமரா இருந்தால் ஒரு பார்வையில் தெரியும். என்னிடம் இல்லை. ஐசோபிரொப்பைல் ஆல்கஹாலைத் தூரிகையால் போர்டு முழுக்க மெல்லிசாகப் பூசினேன். சூடான இடத்தில் அது முதலில் காயும். எஸ்.எஸ்.டி. ஸ்லாட்டின் திருகு ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு கெப்பாசிட்டரைச் சுற்றி வட்டமாக உலர்ந்தது. மறுபடி பூசினேன், மறுபடி அதே இடம். "மாமா, அங்க தான்!" என்று எனக்கு முன்னால் அவள் சொன்னாள்.

செராமிக் கெப்பாசிட்டர் என்பது மெல்லிய உலோகத் தகடுகளையும் செராமிக்கையும் மாற்றி மாற்றி அடுக்கிச் சுட்டது. போர்டு வளைந்தால் அது விரிசல் விடும், விரிசலில் தகடுகள் ஒன்றையொன்று தொட்டால் ஷார்ட். திருகு ஓட்டைக்குப் பக்கம் அந்த வளைவு அதிகம். லேப்டாப்பைத் திறந்தபடியே ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிற பழக்கம் அவளுக்கு உண்டு. காரணம் அதுதான் என்று என்னால் நிரூபிக்க முடியாது, சந்தேகம் மட்டும் உண்டு.

அதைச் சூடாக்கி எடுத்தேன். மீட்டர் 0.4லிருந்து சில நூறு ஓமுக்குத் தாவியது. ஒரே லைனில் இணையாகப் பல கெப்பாசிட்டர்கள் இருப்பதால் ஒன்று இல்லாமலும் ஓடும். பிறகு ஒரு பழைய போர்டிலிருந்து அதே அளவு, அதே மதிப்புள்ள ஒன்றை எடுத்துப் போட்டேன். எஸ்.எஸ்.டி.யை மாட்டி, சப்ளையைக் கொடுத்து, பொத்தானை அழுத்தினோம். 0.02லிருந்து ஏறியது, நின்றது, மறுபடி ஏறியது, ஆடத் தொடங்கியது. எண் இப்படி ஆடினால் சி.பி.யு. வேலை செய்கிறது. லோகோ வந்தது. சாவி கேட்கவில்லை.

சாவி கேட்காததற்கு நான் செய்யாமல் விட்ட இரண்டு காரியங்களும் ஒரு காரணம். ஒன்று, காயின் பேட்டரியைக் கழற்றவில்லை. 'முதல்ல சிமாஸ் ரீசெட் பண்ணிப் பாரு' என்பது வழக்கமான அறிவுரை. சாதாரண மெஷினுக்குச் சரி. இங்கே பயாஸ் அமைப்புகள் பழைய நிலைக்குப் போய், செக்யூர் பூட் மாதிரி ஏதாவது மாறிவிட்டால், டி.பி.எம். சாவியைத் தர மறுக்க வாய்ப்புண்டு. இரண்டாவது, பயாஸை எழுதவில்லை. 'பயாஸ் கரப்ட் ஆயிருக்கும், ரீஃபிளாஷ் பண்ணிடலாம்' என்று தெரிந்த ஒரு டெக்னீஷியன் போனில் சொன்னார். வேறு மெஷினிலிருந்து எடுத்த ஃபைலை அந்த எட்டுக்கால் சிப்பில் எழுதியிருந்தால், அதிலேயே பூட்டி வைத்திருந்த டி.பி.எம். ரகசியமும் அழிந்திருக்கும். ஒருவேளை எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் பழையதை இரண்டு தடவை படித்து, இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட்டு, பத்திரமாக வைத்துவிட்டுத்தான் எழுத வேண்டும். இதற்கு எல்லாரும் வாங்கும் மலிவான கறுப்பு நிற சி.எச்.341ஏ புரோகிராமர் டேட்டா கால்களில் 5 வோல்ட் அனுப்பும். பயாஸ் சிப்போ 3.3 வோல்ட், சிலவற்றில் 1.8. அதைத் திருத்தாமல் மாட்டக்கூடாது.

இன்னொரு வைத்தியம், சிப்பைச் சுடுவது. ஹாட் ஏர் வைத்துப் பெரிய சிப்பைச் சூடாக்கினால் உயிர் வரும் என்ற நம்பிக்கை இன்றும் இருக்கிறது. அதற்கு ஒரு வரலாறு உண்டு. 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், தன் லேப்டாப் கிராஃபிக்ஸ் சிப்களின் உள் பேக்கேஜிங் பலவீனத்தால் 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்க வேண்டியிருக்கிறது என்று அறிவித்தது. சிப்பின் உள்ளே, சிலிக்கானையும் அதன் அடித்தட்டையும் இணைக்கும் நுண்ணிய புள்ளிகளில் விரிசல். சூடாக்கினால் அவை தற்காலிகமாக ஒட்டும், சில நாளிலோ வாரத்திலோ மறுபடி விடும். கீழே இருக்கும் ஈய உருண்டைகள்தான் விட்டுப்போயின என்று நினைத்து உலகம் முழுக்க ஆட்கள் சுட்டுக்கொண்டிருந்தார்கள், சிலர் வீட்டு அவனில் வைத்தே. நம் லேப்டாப்பில் அதைச் செய்திருந்தால் குருணை கெப்பாசிட்டர் அப்படியே இருந்திருக்கும், சிப்செட் வெந்திருக்கும்.

எல்லா போர்டும் இப்படி எழுந்துவிடாது. சி.பி.யு.வுக்கு மேலே இருக்கும் மாஸ்ஃபெட் ஷார்ட்டாகி 19 வோல்ட் நேராகக் கோருக்குள் போய்விட்டால், யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அது நிஜமாகவே 'போச்சு'. ஆனால் அதையும் அளந்துதான் சொல்ல வேண்டும். அடுத்த முறை யாராவது உங்களிடம் போர்டு போச்சு என்றால், சண்டைக்குப் போகாமல் சாதாரணமாக மூன்று கேள்வி கேளுங்கள்: 3 வோல்ட், 5 வோல்ட் வருதா? பொத்தான் அழுத்தினா எவ்வளவு ஆம்பியர் இழுக்குது? எந்த லைன் ஷார்ட்? பதில் இருந்தால் அவர் திறந்து பார்த்திருக்கிறார். இல்லையென்றால் கட்டணத்தைக் கொடுத்துவிட்டு மெஷினை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். டிஸ்க் பூட்டியிருக்கிறதா, சாவி எங்கே என்பதை மட்டும் போர்டு மாற்றச் சொல்வதற்கு முன்னால் பார்த்துவிடுங்கள்.

லோகோ வந்த அன்று இரவு அவள் வேறெதையும் தொடவில்லை. முதலில் இயல்கள், அப்புறம் ஒலிப்பதிவுகள், அப்புறம் மீதி என்று வெளி டிஸ்க்குக்கு நகல் ஓடிக்கொண்டிருந்தது. மீட்புச் சாவியை அமைப்புப் பக்கத்திலிருந்து எடுத்து ஒரு தாளில் எழுதினாள். 48 எண்ணையும் நான் ஒரு தடவை வாசிக்க, அவள் ஒரு தடவை சரிபார்த்தாள். நகல் முடியும்போது மணி இரண்டரை.